ஸ்லாபுக்கு முன் தராசு

கடம்பத்தூர், திருவள்ளூர், காக்களூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பழைய காசு சேர்க்கும் நண்பர்கள் அனைவருக்கும்,

ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, சீட்டு மாதிரி ஒரு தொகை திரட்டி, நம்மிடம் இருப்பதில் நல்ல காசாகப் பொறுக்கி அமெரிக்காவுக்கு அனுப்பிக் கிரேடிங் வாங்கலாம் என்ற பேச்சு நம் வட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதிப் பேர் தயாராகிவிட்டார்கள். மீதிப் பேர் "பெரியவங்க என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்" என்று நிற்கிறார்கள். அந்தப் பெரியவர்களில் ஒருவன் என்ற முறையில் என் கருத்தை எழுத்திலேயே தந்துவிடுகிறேன். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னால் ரயில் திருவள்ளூர் போய்ச் சேர்வதற்குள் அது வேறு கருத்தாகிவிடும்.

முடிவை முதலிலேயே சொல்கிறேன். நம் கையில் இருக்கும் காசுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கிரேடிங் தண்டச் செலவு. அவற்றில் ஒரு பெரிய பகுதியை வெளிநாட்டுக்கு அனுப்புவது சட்டப்படி குற்றம். கைவிட்டு எண்ணக்கூடிய சில காசுகளுக்கு மட்டும் அந்தப் பணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். அப்படி ஒரு காசு நம்மிடம் வந்தால் முதல் ஆளாக என் பங்கைப் போடுவேன்.

புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகளுக்காக இரண்டு வரி. கிரேடிங் நிறுவனத்துக்கு ஒரு காசை அனுப்பினால், அது அசலா என்று பார்ப்பார்கள். எவ்வளவு தேய்ந்திருக்கிறது, பரப்பு எப்படி இருக்கிறது என்று பார்த்து 1 முதல் 70 வரை ஓர் எண் கொடுப்பார்கள். பிறகு கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, எண்ணும் பார்கோடும் போட்ட சீட்டோடு திருப்பி அனுப்புவார்கள். அந்தப் பெட்டிதான் ஸ்லாப். உலகம் முழுக்கப் பெயர் பெற்ற நிறுவனங்கள் இரண்டு: 1986-இல் வேலையைத் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987-இல் வந்த என்ஜிசி. இரண்டும் அமெரிக்க நிறுவனங்கள். கட்டணம் ஒரு காசுக்கு 20 டாலரை ஒட்டித் தொடங்கும். அதோடு கையாளும் கட்டணம், காப்பீடு, போகவரத் தபால் செலவு, நடுவில் நிற்கும் முகவரின் கூலி எல்லாம் ஏறும். நம் ஊர்க் கணக்கில் காசுக்குச் சில ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தை விடுங்கள், சட்டத்துக்கு வருவோம். இதை யாரும் நம் கூட்டத்தில் எடுக்கவே இல்லை.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம் 1976 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நூறு ஆண்டுக்குக் குறையாத வயதுள்ள காசு அந்தச் சட்டப்படி தொல்பொருள். தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பும் உரிமை மத்திய அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்த அமைப்புக்கும் மட்டும்தான் உண்டு. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, மூன்று ஆண்டு வரை போகலாம், அபராதமும் உண்டு. "விற்கவா அனுப்புறோம்? பார்த்துட்டுத் திருப்பி அனுப்பிடப் போறாங்க" என்று ஒரு தம்பி சொன்னார். நியாயமான பேச்சுதான். ஆனால் சேகரிப்பாளர் தன் காசை அனுப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டம் எங்கேயும் சலுகை தரவில்லை. பார்சலின் மேல் ஒட்டும் சுங்க விவரச் சீட்டில் யார் பெயர் இருக்கும், முகவர் பெயரா உங்கள் பெயரா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கை நம் டப்பாக்களின் மேல் போட்டுப் பார்ப்போம். நம்மில் முக்கால்வாசிப் பேரிடம் இருப்பது வெள்ளி ரூபாய். தாத்தா பாட்டி வைத்துவிட்டுப் போனது, அடகுக்கடையில் உருக்கப் போவதற்கு முன் எடைக்கு வாங்கியது. விக்டோரியா தலை போட்டது, எட்வர்டு மொட்டைத் தலை போட்டது, ஐந்தாம் ஜார்ஜ் கிரீடத்தோடு இருப்பது. ஐந்தாம் ஜார்ஜ் 1936 வரை இருந்தாலும், அவர் தலை போட்ட ரூபாய் புழக்கத்துக்கு அடிக்கப்பட்டது 1911 முதல் 1922 வரைதான். அதற்குப் பின் 1938 வரை வெள்ளி ரூபாய் அடிக்கவே இல்லை. ஆக, விக்டோரியா, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் மொத்தமும் நூறு ஆண்டைத் தாண்டியவை. 1911-இன் 'பன்றி ரூபாய்' என்று பெருமையாகக் காட்டுகிறீர்களே, ராஜாவின் அங்கியில் இருந்த யானையின் துதிக்கை குட்டையாகப் போய்ப் பன்றி மாதிரி தெரிந்ததால் திரும்பப் பெற்று உருக்கிய அந்தக் காசு, அதுவும் இதில் அடங்கும். வீட்டில் வைத்திருப்பதில் தப்பில்லை, பயப்பட வேண்டாம். கடல் கடந்து அனுப்புவதுதான் தப்பு.

அனுப்பக்கூடியது என்று பார்த்தால் ஆறாம் ஜார்ஜ் காலத்து ரூபாய், 1947-இன் புலி போட்ட நிக்கல் ரூபாய், அதற்குப் பின் சுதந்திர இந்தியாவின் காசுகள். வயதில் சந்தேகம் வரும் பொருளுக்கு, இது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறை தருகிறது. அவர்களுடைய சென்னை வட்ட அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டைக்குள்ளேயே இருக்கிறது. சென்ட்ரலில் இறங்கினால் எட்டிவிடும் தூரம்தான்.

சட்டம் இடம் கொடுக்கும் காசுகளையே எடுத்துக்கொள்வோம். அந்த எண் எதைச் சொல்கிறது?

1 முதல் 70 வரை என்ற அளவுகோலை 1949-இல் கொண்டுவந்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர். அவர் எடுத்துக்கொண்டது அந்நாட்டின் பழைய பெரிய செம்புச் சென்ட் காசுகளை. அடையாளம் மட்டுமே தெரியும்படி தேய்ந்துபோன காசு ஒரு டாலர் என்றால், அதே காசு அப்பழுக்கில்லாமல் கிடைத்தால் 70 டாலர் போகும் என்பது அன்றைய சந்தை நிலவரம். அந்த விலை விகிதம்தான் எண்ணானது. செம்புச் சென்ட்டின் விலை விகிதம் என்றைக்கோ மாறிவிட்டது. எண் மட்டும் தங்கி, எல்லா நாட்டுக் காசுக்கும் வந்துவிட்டது. புழங்காத காசுக்கு 60 முதல் 70 வரை பதினொரு படி. அமெரிக்கச் சந்தையில் 64-க்கும் 65-க்கும் நடுவில் விலை பல மடங்கு தாவும் காசுகள் உண்டு. அங்கே வாங்குகிறவர் எண்ணைப் பார்த்துத்தான் வாங்குகிறார். எந்தச் சேகரிப்பின் எண்கள் உயர்ந்தவை என்று பட்டியல் போட்டு அவர்களுக்குள் போட்டியே நடக்கிறது. இங்கே அந்தப் பழக்கம் இன்னும் பரவலாக வேரூன்றவில்லை. மும்பை, பெங்களூரு ஏலங்களின் விவரப் புத்தகத்தைப் பாருங்கள். பெரும்பாலான காசுகள் ஸ்லாப் இல்லாமல்தான் வருகின்றன. 'மிக நன்று', 'அபூர்வம்' என்ற தரச் சொற்கள், ஒரு நல்ல படம். அதைப் பார்த்துத்தான் கை தூக்குகிறார்கள்.

உங்களில் பலர் கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறீர்கள். கேஜ் ஆர் அண்ட் ஆர் என்றால் என்ன என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பீஸை ஒரே இன்ஸ்பெக்டர் இரண்டு முறை அளந்தால் ஒரே அளவு வருகிறதா, இரண்டு இன்ஸ்பெக்டர் அளந்தால் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறீர்கள். ஒத்துப்போகாத கேஜை லைனில் வைக்க விடமாட்டீர்கள். கிரேடிங்கை அதே சோதனைக்கு உட்படுத்துங்கள். அமெரிக்காவில் ஸ்லாபை உடைத்துக் காசை எடுத்து, அதே நிறுவனத்துக்கே திரும்ப அனுப்பி, ஓர் எண் கூடக் கிடைக்குமா என்று பார்ப்பது வியாபாரிகளின் வாடிக்கை. சில நேரம் கூடுகிறது, சில நேரம் குறைகிறது. அதை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. கண்ணால் பார்த்துச் சொல்லும் கருத்துக்கு அவ்வளவுதான் துல்லியம். பழகிய கண்கள் சொல்லும் கருத்து, அதனால் மதிப்புள்ள கருத்து. ஆனால் அதை மைக்ரோமீட்டர் அளவாக எடுத்துக்கொண்டு, 63 வந்த காசை வைத்திருப்பவர் 64 வந்தவர் முன்னால் தலை குனிந்து நிற்கக் கூடாது.

அடுத்து, நம் வீட்டு வழக்கம் ஒன்று. வெள்ளிக்கிழமை பூஜைத் தட்டில் வெள்ளி ரூபாய் இருக்கும். மஞ்சள், குங்குமம், சந்தனம் படும். பொங்கலுக்கும் ஆயுத பூஜைக்கும் விளக்கோடு சேர்த்துப் புளி போட்டோ திருநீறு போட்டோ அதையும் தேய்த்துவிடுவார்கள். பல காசில் காசுமாலைக்கும் தாலிச் சரட்டுக்கும் கொக்கி வைத்துப் பற்றவைத்து, பிறகு அரத்தால் ராவி எடுத்திருப்பார்கள். விளிம்பில் பன்னிரண்டு மணி இருக்க வேண்டிய இடத்தை லென்ஸில் பாருங்கள்; வரிகள் அங்கே மட்டும் மழுங்கி, வெள்ளி கொஞ்சம் வேறு நிறத்தில் தெரியும். இப்படிப்பட்ட காசுக்குக் கிரேடிங் நிறுவனம் எண் தராது. 'துலக்கப்பட்டது', 'நகையிலிருந்து எடுக்கப்பட்டது' என்பது போன்ற ஒரு வரியைச் சீட்டில் போட்டு அனுப்பும். கட்டணம் மட்டும் முழுக் கட்டணம்தான். காசு துலக்கியதா என்று தெரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டாம். வெயிலில் காசைச் சாய்த்து மெதுவாகச் சுற்றுங்கள். புழங்காத, துலக்காத காசில் ஒளி ஆரக்கால் மாதிரி வட்டமடித்து ஓடும். துலக்கியதில் பளபளப்பு அசையாமல் தட்டையாக நிற்கும். லென்ஸில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் தெரியும்.

இதைச் சொல்வதால் அம்மாக்களோடு சண்டைக்குப் போகாதீர்கள். பூஜைக் காசு பூஜையில் இருக்கட்டும். அதற்கு வேறு மதிப்பு இருக்கிறது.

அசலா போலியா என்ற கேள்விதான் பாக்கி. கிரேடிங்கின் உண்மையான பயன் இதில்தான் இருக்கிறது என்பேன்; எண் இரண்டாம் பட்சம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் வீட்டிலேயே பதில் கிடைக்கும், அதுவும் உங்கள் மாதிரி அளவெடுத்தே பழகிய ஆட்களுக்கு. 1939 வரையிலான ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. விட்டம் முப்பதரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். எடையையும் விட்டத்தையும் மட்டும் பார்த்து நம்பாதீர்கள். போலி அடிக்கிறவனுக்கும் தராசு இருக்கிறது. அடர்த்தியைப் பாருங்கள்.

0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க இறக்குங்கள். அடியையும் பக்கத்தையும் தொடக் கூடாது, குமிழி ஒட்டியிருக்கக் கூடாது. தராசு இப்போது காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. நல்ல வெள்ளி ரூபாய் என்றால் 1.13 கிராமை ஒட்டி வரும். 11.66-ஐ 1.13-ஆல் வகுத்தால் 10.3, அதுதான் அந்தக் கலவையின் அடர்த்தி. செம்பும் நிக்கலும் கலந்து அடித்து வெள்ளி முலாம் பூசிய காசு அதே எடையில் 1.3 கிராம் காட்டும். வெள்ளியைப் பாதியாகக் குறைத்து 1940 முதல் 1945 வரை அரசே அடித்த ரூபாய் 1.22 பக்கம் காட்டும். அது போலி அல்ல, யுத்தகாலக் கலவை. 1947 ரூபாய்க்குத் தண்ணீரே வேண்டாம். அது முழு நிக்கல் என்பதால் காந்தத்தில் பச்சென்று ஒட்டும். ஒட்டவில்லையா, வாங்காதீர்கள்.

இந்தத் தராசின் விலை ஒரே ஒரு காசை அமெரிக்காவுக்கு அனுப்பும் செலவில் சின்ன பங்கு.

தராசும் வேண்டாம், ஸ்லாபும் வேண்டாம், படித்தாலே போதும் என்ற வகைக் காசுகளும் இருக்கின்றன. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ லட்சுமியோ அனுமாரோ, மறு பக்கம் 'கிழக்கிந்தியக் கம்பெனி 1818' என்று போட்ட செம்புக் காசு. இதைக் காட்டி எத்தனை லட்சம் போகும் என்று கேட்காத வாரம் இல்லை. கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்லை. அது பின்னாளில் யாரோ விற்பனைக்கு அடித்த வில்லை. கிரேடிங்குக்கு அனுப்பினால் அந்த ஒரே பதிலை டாலர் கொடுத்து வாங்குவீர்கள். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. கம்பெனி நம் சென்னையில் சாமி உருவம் போட்ட காசுகளை நிஜமாகவே அடித்திருக்கிறது. வராகனில் பெருமாள் இருப்பார். 1808 வாக்கில் வந்த வெள்ளி அரை வராகனில் ஒரு பக்கம் கோயில் கோபுரம், மறு பக்கம் பெருமாள். நம் மாவட்டத்துப் பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களும் அங்கேயே காசு அடித்தார்கள். இவ்வளவு நிஜ வரலாறு கூப்பிடு தூரத்தில் கிடக்க, 1818 ராமர் காசின் பின்னால் ஓடுகிறோமே என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய், பத்து ரூபாய்க்கு லட்சம் தருகிறோம் என்ற விளம்பரமும் இதே ரகம்தான். 'பதிவுக் கட்டணம்', 'சான்றிதழ்க் கட்டணம்', 'வரி' என்று முதலில் உங்களிடம் பணம் வாங்குவார்கள். பிறகு போனை எடுக்க மாட்டார்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் இதற்காகவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. பழைய நோட்டு, காசு விற்பனையில் தாங்கள் ஈடுபடுவதில்லை, யாரிடமும் அதற்குக் கட்டணம் கேட்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவும் இல்லை என்று சொன்னார்கள். கிரேடிங் செய்து தருகிறோம், முன்பணம் அனுப்புங்கள் என்று தெரியாத எண்ணிலிருந்து யாராவது பேசினாலும் இதை நினைவில் வையுங்கள்.

நினைவுக் காசுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2024 ஆகஸ்டில் கலைஞர் நூற்றாண்டுக்கு வந்த நூறு ரூபாய், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டுக்கு வந்த ஆயிரம் ரூபாய் போன்றவற்றை அரசு நாணயச் சாலையே உறையில் வைத்து விற்கிறது. சாலையிலிருந்து நேராக வந்த காசு அசலா என்று இன்னொருவரிடம் கேட்க என்ன இருக்கிறது? 69 வந்தது, 70 வந்தது என்று அதற்குச் சீட்டு வாங்குவது ஆசைதான். ஆசைக்குச் செலவழிப்பது தப்பில்லை. அதை முதலீடு என்று வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யாதீர்கள்.

சோழர் செம்புக் காசும் அதற்கு முந்திய பழங்காசும் சேர்ப்பவர்கள் நம்மில் சிலர்தான். ஆனாலும் அவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை. அந்தக் காசுகளை அனுப்பும் கேள்வியே சட்டப்படி எழாது. ஒருவேளை எழுந்தாலும் என்ன கிடைக்கும் தெரியுமா? பழங்காலக் காசுக்கு என்ஜிசியின் தனிப் பிரிவு, அடித்த நேர்த்திக்கு ஐந்துக்கு இத்தனை, பரப்புக்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறது. எது நமக்கு முக்கியமோ அது அந்த மதிப்பெண்ணில் இல்லை.

நம் பழங்காசின் மதிப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு 'தினமலர்' ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். 2021-இல் காலமானார். 'பெருவழுதி' என்று தமிழ் பிராமி எழுத்தில் பொறித்த பாண்டியர் செம்புக் காசை உலகுக்கு அடையாளம் காட்டியவர் அவர்தான். சங்கப் பாடல்களில் வரும் அரசர்கள் சொந்தமாகக் காசே அடிக்கவில்லை என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது. பழைய, சதுரமான ஒரு செம்புத் துண்டு அந்தப் பேச்சை மாற்றிப்போட்டது. அதற்கு ஷெல்டன் கணக்கில் என்ன எண் வந்திருக்கும்? வாசிக்கத் தெரிந்த கண்ணில் பட்டது, அதனால் மதிப்பு வந்தது. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த சேரர் காசுகளுக்கும் அதே கதைதான். எங்கே கிடைத்தது, எதோடு சேர்ந்து கிடைத்தது என்ற செய்தி போய்விட்டால் காசு பாதி ஊமை. கூவம் பக்கமோ கொசஸ்தலை ஆற்று மணலிலோ உங்கள் கையில் ஏதாவது தட்டுப்பட்டால் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது: மண்ணுக்குள் புதைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதே இடத்தில் தேய்த்துப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

இவ்வளவு சொன்னபின், கிரேடிங் வேண்டும் என்று எங்கே சொல்வேன் என்பதையும் சொல்ல வேண்டும். 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய். 1938 ரூபாய் எளிதாகக் கிடைக்கும்; 1939 மிக அபூர்வம், விலையும் அதற்கேற்ப ஏறும். விலை இருக்கும் இடத்தில் கைவேலையும் இருக்கும். 1938-இன் கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கிய காசு சந்தையில் சுற்றுகிறது. இங்கே தண்ணீர்ச் சோதனை கைகொடுக்காது. அதுவும் அசல் வெள்ளி, அசல் அச்சு, அசல் எடை. மாறியது ஓர் இலக்கம் மட்டும். பத்து மடங்கு லென்ஸில் ஒன்பதின் கீழ்ப் பாதியைச் சுற்றியுள்ள தரையைப் பார்த்தால் சுரண்டிய தடமோ, அந்த இடத்தில் மட்டும் வேறு மாதிரி மினுமினுப்போ தெரியலாம். நல்ல கைக்காரன் செய்திருந்தால் நமக்குத் தெரியாமலும் போகலாம். இப்படிப்பட்ட காசுக்கு மூன்றாம் ஆள் தீர்ப்பு வேண்டும். நூறு வயதும் ஆகவில்லை, தொல்பொருள் சட்டமும் தடுக்காது. அந்த வாசல் 2039-இல் மூடும். இதற்குச் சில ஆயிரம் செலவு செய்வது புத்திசாலித்தனம். இதே கணக்கு, அச்சுப் பிழையோடு வந்த விலை உயர்ந்த குடியரசுக் காசுகளுக்கும் பொருந்தும். அவற்றிலும் பட்டறையில் வைஸில் பிடித்து உருவாக்கிய 'பிழை'கள் ஏராளம். நம் ஏரியாவில் லேத்துக்கும் பிரஸ்ஸுக்கும் பஞ்சமா என்ன?

கிரேடிங்குக்கு ஆதரவாகக் கூட்டத்தில் வந்த பேச்சில் எனக்குப் பதில் சொல்ல முடியாத ஒன்று உண்டு. கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் அண்ணன் ஒருவர் கேட்டார்: "நான் போயிட்டா என் வீட்டுக்காரிக்கு இது என்னன்னே தெரியாது. சேட்டுக் கடையில எடைக்குப் போட்டுடுவா. டப்பாவில எழுதியிருந்தா ஏமாத்த மாட்டானுங்கல்ல?" அவர் சொல்வது சரிதான். பெட்டிமேல் இருக்கும் சீட்டு காசைத் தெரியாதவர்களுக்குப் பாதுகாப்பு. ஒவ்வொரு காசுக்கும் நோட்டில் எடை, விட்டம், வாங்கிய தேதி, கொடுத்த விலை எழுதி வையுங்கள் என்று நான் சொல்லலாம். ஆனால் அந்த நோட்டை வியாபாரி மதிக்க வேண்டுமே. அனுப்பச் சட்டம் இடம் கொடுக்கும் காசுகளில் விலை கூடிய இரண்டு மூன்றை இதற்காக ஸ்லாப் செய்து வைத்தால் நான் குறை சொல்ல மாட்டேன். மற்றவற்றுக்கு நோட்டு போதும். நோட்டின் கடைசிப் பக்கத்தில், விற்கப் போகும்போது யாரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நம் வட்டத்தில் இருவர் பெயரை எழுதிவிடுங்கள். வீட்டில் அதைக் காட்டியும் வையுங்கள்.

ஸ்லாபில் இருக்கும் காசை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்லாபையே போலியாகச் செய்கிறார்கள். நிஜமான எண்ணை வேறொரு ஸ்லாபிலிருந்து எடுத்துப் போலிப் பெட்டியில் அச்சடித்திருப்பார்கள். அதனால் எண்ணை நிறுவனத்தின் பதிவில் தட்டிப் பார்த்து 'இருக்கிறது' என்றதும் திருப்தி அடையாதீர்கள். அங்கே படம் இருந்தால், படத்தில் உள்ள கீறலும் கறையும் கையில் உள்ள காசில் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று ஒத்துப்பாருங்கள். நம் ஊரிலேயே யாராவது ஒரு டப்பாவில் போட்டு எண் ஒட்டிக் கொடுத்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: நாளைக்கு இது போலி என்று தெரிந்தால் பணத்தை யார் திருப்பித் தருவது? எழுத்தில் பதில் வந்தால் பேசலாம்.

பொதுப்பணத்தைப் பற்றி என் யோசனை. திரட்டுங்கள், நானும் போடுகிறேன். அதில் நல்ல தராசு ஒன்று, பத்து மடங்கு லென்ஸ் இரண்டு. சங்ககாலத் தமிழ் நாணயங்கள் பற்றிக் கிருஷ்ணமூர்த்தி எழுதிய புத்தகம், பிரிட்டிஷ் இந்தியக் காசுகளுக்குப் பிரிட்மோர் தொகுத்த விவரப் புத்தகம், இரண்டில் கிடைத்ததை வாங்கலாம். பிவிசி வாசனை அடிக்கும் ஆல்பத்தை எல்லோரும் தூக்கி எறிந்துவிட்டு மைலார் உறைக்கு மாற வேண்டும். அந்த வாசனைதான் காசின் மேல் பச்சைப் பிசினாக வந்து உட்காருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக எழும்பூர் அருங்காட்சியகத்தின் காசுப் பிரிவுக்குப் போவோம். அசலை நிறையப் பார்த்த கண்ணுக்குத்தான் போலி சட்டென்று தட்டும். திருவாலங்காட்டுச் செப்பேடு நம் பக்கத்து ஊர்ச் சொத்து. அதையும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள், பார்த்துவிட்டு வரலாம். மிச்சப் பணத்தை அப்படியே வைத்திருப்போம். 1939 ரூபாய் யாரிடமாவது வந்து, நாம் எல்லோரும் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால் அதற்குப் பயன்படும்.

அடுத்த கூட்டத்துக்கு அனுப்பலாம் என்று நினைத்த காசுகளை எல்லோரும் எடுத்து வாருங்கள். துலக்கி எடுத்து வர வேண்டாம். தராசு என்னிடம் இருக்கிறது. வெர்னியர் கொண்டுவரும் தம்பிகள் பிளாஸ்டிக் தாடை உள்ளதாகக் கொண்டு வாருங்கள்; இரும்புத் தாடை விளிம்பைக் கீறிவிடும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்
கடம்பத்தூர்